41,800 கிலோமீட்டர் ஓட்டின அப்புறம் சொல்றேன்: டியாகோ இவி தினசரி வேலைக்கு ஒத்து வருமா?

2023 ஜூன்ல எடுத்த வண்டி இது, டாடா டியாகோ இவி, முழுசா கரண்ட்ல ஓடற கார், பெரிய பேட்டரி மாடல், அதாவது 24 கிலோவாட் அவர். இந்த 24 கிலோவாட் அவர்ங்கறத நம்ம ஈபி பில்லு பாஷைல சொன்னா 24 யூனிட், அவ்ளோதான். 24 யூனிட் புடிக்கற டேங்க்னு வச்சுக்கங்க, மத்த கணக்கெல்லாம் தானா புரிஞ்சிடும்.

நான் இருக்கறது ஸ்ரீரங்கம், வேலை துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல, போய்ட்டு வர 52 கிலோமீட்டர், வாரத்துல ஆறு நாள். முன்னாடி ஒரு பழைய பெட்ரோல் வண்டி வச்சிருந்தேன், லிட்டருக்கு 15 கொடுக்கும், மாசம் பத்தாயிரம் பெட்ரோலுக்கே போயிட்டிருந்துச்சு. சம்பளம் வந்த அன்னிக்கே மொதல்ல அத எடுத்து தனியா வைக்கணும். அதுனாலதான் இவி பக்கம் வந்தேன், சுற்றுச்சூழல்லாம் எனக்கு ரெண்டாவதுதான், வீட்டு பட்ஜெட்தான் மொதல்ல.

யாரு வந்தாலும் கேக்கறது ஒரே கேள்வி, "ஃபுல் சார்ஜுக்கு எவ்ளோங்க ஓடும்?" நான் திருப்பிக் கேக்கறது, "ராத்திரி வண்டிய எங்க நிறுத்துவீங்க?" சொந்த வீடு, போர்டிகோல நிறுத்தறேன், பக்கத்துல ப்ளக் பாயிண்ட் வச்சுக்க முடியும்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு இவி பாதி ஓகே. தினம் நாப்பது அம்பது கிலோமீட்டர் ஓட்டம் இருக்குன்னா மீதி பாதியும் ஓகே. இந்த ரெண்டுல ஒன்னு இல்லன்னாலும் அவசரப்படாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், அது எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் சரி.

இப்ப ரேஞ்ச். நான் வாங்கறப்ப 315 கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு, அது எம்ஐடிசிங்கற டெஸ்ட்ல வந்த நம்பர், ரோலர் மேல வச்சு மெதுவான வேகத்துல ஓட்டி எடுக்கறது, எந்த இவிக்கும் அந்த டெஸ்ட் நம்பர் ரோட்ல வராது, பெட்ரோல் வண்டி மைலேஜும் அப்படித்தானே. எனக்கு டவுனுக்குள்ள ஏசி போட்டு 200லேர்ந்து 215, ஹைவேல 90ல புடிச்சுப் போனா 175 - 180. சித்திரை வெயில்ல ஏசிய முழுசா வச்சா இன்னும் ஒரு பத்து குறையும். 52 கிலோமீட்டர் ஓடறவனுக்கு இது தாராளம், நான் மூணு நாளைக்கு ஒரு தடவதான் சார்ஜ் போடறேன். நைட்டு ஒன்பதரைக்கு சொருகிட்டுப் படுத்தா காலைல அஞ்சரைக்கு ரெடியா இருக்கும், 15 ஆம்ப் ப்ளக்ல காலி பேட்டரி ரொம்ப எட்டு ஒன்பது மணி நேரம் புடிக்கும்.

ஆனா அந்த 15 ஆம்ப் ப்ளக் கதைய யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, அத சொல்லியே ஆகணும். வண்டி வந்த அன்னிக்கு ராத்திரி குடும்பமே சுத்தி நின்னு சார்ஜரை சொருகினோம், பெட்டில சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது, சார்ஜ் ஏறல. அப்பா வேற "புது வண்டி, வந்த அன்னிக்கே இப்படியா"ன்னு மொகம் வாடிப் போயிட்டாரு. மறுநாள் எங்க தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டெஸ்டரை வச்சுப் பாத்துட்டு, "தம்பி, வண்டில ஒன்னும் இல்ல, உங்க வீட்ல எர்த்தே இல்ல"ன்னாரு. முப்பது வருஷத்துக்கு முந்தி போட்ட எர்த் குழி, காஞ்சு கம்பி துரு புடிச்சுப் போயிருக்கு, மிக்ஸிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அது தெரியல, கார் சார்ஜர் எர்த்த செக் பண்ணிட்டுதான் கரண்ட்டையே எடுக்கும். கொல்லப்பக்கம் புதுசா குழி தோண்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்தி போட்டு, பைப்ப எறக்கி, தண்ணி ஊத்தி, மெயின் போர்டுலேர்ந்து தனியா 4 ஸ்கொயர் வயர் இழுத்து, அதுக்குன்னு தனி எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) வச்சுக் கொடுத்தாரு. மெட்டீரியல் கூலி எல்லாம் சேத்து ஏழாயிரத்து ஐநூறு. சொருகினதும் பச்சை லைட்டு. அப்பா இப்பவும் வெயில் காலத்துல வாரம் ஒரு கொடம் தண்ணி அந்தக் குழில ஊத்திடுவாரு.

அதுனால வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி எலெக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த்தும் வயரும் பாத்துக்கங்க. பழைய வீட்ல ஏசிக்குப் போட்ட பாயிண்ட்லயே எக்ஸ்டென்ஷன் இழுத்து சார்ஜ் போடறவங்கள பாத்திருக்கேன், ப்ளக் உருகி கருப்பாயிடும், எட்டு மணி நேரம் விடாம ஒரே லோடு போகுதுல்ல, தயவுசெஞ்சு அது வேணாம்.

கரண்ட் பில். நம்மூர்ல இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங், முதல் 100 யூனிட் ஃப்ரீ, 500க்குள்ள இருந்தா ஒரு ரேட், 500ஐ தாண்டிட்டா கணக்கே வேற. எங்க வீட்டு சாதாரண செலவு 300 யூனிட், பில்லு 705 ரூபா வரும். வண்டிக்கு ரெண்டு மாசத்துல 350 யூனிட் கிட்ட போகுது, மொத்தம் 650. அப்ப 100லேர்ந்து 200 வரைக்கும் கெடைக்கற அந்த கம்மி ரேட்டும் போயிடும், 500க்கு மேல உள்ளதுக்கு ரேட்டு ஏறும், 600ஐ தாண்டினதுக்கு இன்னும் ஏறும். எங்க பில்லு 3,400 கிட்ட வருது. ஆக வண்டிக்காக நான் கூடுதலா கட்டறது ரெண்டு மாசத்துக்கு 2,700 ரூபா, அதுல ஓடறது 2,900 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 93 காசு. பெட்ரோல் நூறு ரூபான்னு வச்சாலே பழைய வண்டில இதே ஓட்டத்துக்கு பத்தொன்பதாயிரம் ஆயிருக்கும். ஸ்லாப் மாறி அடி வாங்கியும் இவ்ளோ மிச்சம். ஏற்கனவே ரெண்டு ஏசி ஓடி 700, 800 யூனிட் போற வீடுன்னா வண்டிக்கு ஏறற ஒவ்வொரு யூனிட்டும் மேல் ஸ்லாப்லதான் விழும், அப்பவும் கிலோமீட்டர் ஒன்னரை ரூபாய தாண்டாது.

வெலை விஷயத்துல மட்டும் மனசுல கணக்கு தெளிவா இருக்கணும். அன்னிக்கு எனக்கு ஆன்ரோடு பன்னெண்டரை லட்சம் பக்கம் ஆச்சு. இவிக்கு ஜிஎஸ்டி 5 பர்சன்ட்தான், தமிழ்நாட்ல ரோடு டாக்ஸும் அப்ப முழுசா தள்ளுபடி, அப்படியும் இதே சைஸ் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்க விட நாலு லட்சம் கூட. லோன் வட்டிக்கு இன்கம்டாக்ஸ்ல ஒன்னரை லட்சம் வரைக்கும் கழிவு ஒன்னு இருந்துச்சு, 80இஇபின்னு, அது 2023 மார்ச்சுக்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்குத்தான், நான் மூணு மாசத்துல தவற விட்டேன். எனக்கு மாசம் எட்டாயிரம் மிச்சமாகுது, அப்ப நாலு லட்சம் திரும்ப நாலு வருஷம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அந்தக் காலத்துக்குள்ளயே போட்டது திரும்பி வந்துடும்ங்கற தைரியத்துலதான் எடுத்தேன். மாசம் 400, 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டறவருக்கு இந்த நாலு லட்சம் திரும்ப பத்து வருஷத்துக்கு மேல ஆகும், அவரு பெட்ரோல் வண்டியே வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம்.

ஓட்டறதுக்கு எப்படின்னா, காவேரிப் பாலம் டிராஃபிக்ல ஒரு தடவ ஓட்டிட்டா திரும்ப கிளட்ச் மிதிக்க மனசு வராது. கியர் கிடையாது, அதிர்வு கிடையாது, ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கால எடுத்தா வண்டி தானா வேகம் குறையும், அந்த வேகம் கரண்ட்டா திரும்ப பேட்டரிக்குப் போகும். அந்த இழுவைய எவ்ளோ வேணும்னு நாமளே செட் பண்ணிக்கலாம், நான் அதிகபட்சத்துல வச்சுதான் ஓட்டறேன், சிக்னல்ல நிக்கறப்ப கடைசி ரெண்டு அடிக்குத்தான் பிரேக்கே. மோட்டார் 75 பிஎஸ்தான், ஆனா மிதிச்ச உடனே இழுக்கறதால பஸ்ஸ தாண்டறது சுலபம்.

சத்தம் இல்லாததுல ஒரு பயமும் இருக்கு. மார்கழி மாசம் காலைல அஞ்சே முக்காலுக்கு உத்தர வீதில போறேன், ஒரு பாட்டி ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருக்காங்க, வண்டி வந்ததே அவங்களுக்குத் தெரியல, நான் நின்னுட்டேன். ஹாரன் அடிச்சா பதறிடுவாங்க, எறங்கிப் போய் "பாட்டி, கொஞ்சம் ஓரமா"ன்னு சொன்னேன், நிமிந்து பாத்துட்டு "எப்ப வந்தே, சத்தமே கேக்கலியேப்பா"ன்னாங்க. அன்னிலேர்ந்து தெருவுக்குள்ள 15ஐ தாண்டறதில்ல. கோயில் தெருவுல, மாடும் கொழந்தைங்களும் நடக்கற இடத்துல ஓட்டறவங்க இத மனசுல வச்சுக்கணும்.

மழை பத்தி எல்லாரும் கேக்கறாங்க, ஷாக் அடிக்குமான்னு. பேட்டரி பேக் ஐபி 67, தண்ணி உள்ள போகாத மாதிரி அடைச்சது. ஐப்பசி மழைல நனைஞ்சுக்கிட்டே சார்ஜ் போட்டிருக்கேன், ஒன்னும் ஆகல. அதுக்காக இடுப்பளவு தண்ணில விடலாம்னு அர்த்தம் இல்ல, அது எந்த வண்டிக்கும் ஆகாது.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வரேன். ஹைவே.

போன வருஷம் மச்சினிக்கு குரோம்பேட்டைல வளைகாப்பு, பதினொன்னு பன்னெண்டுக்குள்ள வளையல் போடற நேரம். வழக்கமா ஆறு மணி நேரத்துல போயிடுவோம், சார்ஜுக்கு ஒரு மணி நேரம் சேத்து காலைல நாலேகாலுக்கே கிளம்பினோம். ஃபுல் சார்ஜ், நாலு பேரு, சீர் தட்டு மூணு. உளுந்தூர்பேட்டை வரப்ப 130 கிலோமீட்டர், பேட்டரி 27 பர்சன்ட். ஒரு ஹோட்டல் வாசல்ல டிசி ஃபாஸ்ட் சார்ஜர், ஆப்புல காலியா இருக்குன்னு காட்டுது. போனா, வாலட்ல 500 ரூபா போடச் சொல்லுது, போட்டாச்சு, சார்ஜர் கன்ன வண்டில சொருகினா ஸ்க்ரீன்ல சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் ஃபெயில்னு வருது. மறுபடி, மறுபடி. கஸ்டமர் கேர்ல ஒரு பையன் "சார், இங்கேர்ந்து ரீஸ்டார்ட் பண்றேன், அஞ்சு நிமிஷம்"னு மூணு தடவ சொன்னான், அவனும் என்ன பண்ணுவான். அம்பது நிமிஷம் அங்கயே போச்சு. அடுத்த சார்ஜருக்குப் போனா ஏற்கனவே ஒரு வண்டி நிக்குது, அது முடிய நாப்பது நிமிஷம், அப்புறம் நம்ம வண்டிக்கு ஒரு மணி நேரம். மேல்மருவத்தூர் பக்கம் இன்னொரு ஸ்டாப். 80 பர்சன்ட்டுக்கு மேல டிசி சார்ஜர்ல வேகம் நல்லா கொறைஞ்சிடும், அதுனால ரொப்பிக்கிட்டு ஒரே மூச்சா போகலாம்ங்கறதும் நடக்காது.

குரோம்பேட்டை போய்ச் சேந்தப்ப மணி ஒன்னரை. எல்லாரும் சாப்பிட்டு கை கழுவிட்டாங்க. அக்கா கையால முதல் வளையல் போடணும்னு மச்சினி ரொம்ப நேரம் காத்திருந்து, அப்புறம் நேரம் தாண்டுதுன்னு பெரியவங்க சொல்லி போட்டுட்டாங்க. என் மனைவி யாரையும் ஒன்னும் சொல்லல, வளையல் டப்பாவ மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த 500 ரூபா ஒன்பது நாள் கழிச்சு திரும்பி வந்துச்சு, அந்த நேரம் திரும்பி வருமா.

அன்னிலேர்ந்து எங்க வீட்ல ஒரு முடிவு. நேரத்துக்குப் போய்த்தான் ஆகணும்ங்கற எடத்துக்கு, ஒரு சார்ஜுக்கு மேல தூரம்னா, ரயில். பல்லவன் இருக்கு, ராக்ஃபோர்ட் இருக்கு. வெளி சார்ஜர்ல யூனிட் ரேட்டும் வீட்டு ரேட்ட விட ரெண்டு மூணு மடங்கு, மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வேற. எங்களுக்கு யூனிட் இருவது ரூபாய்க்கு மேல விழுந்துச்சு. வேலை செய்யுதான்னு தெரியாத சார்ஜர், கம்பெனிக்கு ஒரு ஆப்பு, ஒவ்வொன்னுலயும் வாலட்ல பணம், சார்ஜ் போடற எடத்துல பெட்ரோல் வண்டிய நிறுத்திட்டு சாப்பிடப் போறவங்க, இதெல்லாம் சரியாகற வரைக்கும் மாசம் நாலு தடவ சென்னை பெங்களூர் போறவருக்கு சின்ன பேட்டரி இவிய நான் சிபாரிசு பண்ண மாட்டேன். 40 யூனிட்டுக்கு மேல பேட்டரி உள்ள வண்டிக்கு இந்தக் கஷ்டம் பாதி கொறையும், வெலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

அவசரம் இல்லாத பயணம்னா இதே வண்டி சந்தோஷம் கொடுக்கும். கொல்லிமலை போனோம், 70 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளிலேர்ந்து மேல ஏறறதுக்குள்ள முப்பது பர்சன்ட் கிட்ட காலி, எனக்கு அடி வயிறு கலங்கிடுச்சு. லாட்ஜ்காரர்கிட்ட கேட்டா "ஏசி ப்ளக் இருக்கு தம்பி, போட்டுக்கங்க, 300 ரூபா கொடுத்துடுங்க"ன்னாரு, எர்த்தும் சரியா இருந்துச்சு, காலைல ஃபுல். மேல சுத்திப் பாத்ததுல கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு, எறங்கறப்ப மலை அடிவாரம் வரதுக்குள்ள மீட்டர்ல நாலு பர்சன்ட் கூடியிருந்துச்சு, பையன் ஒவ்வொரு வளைவுக்கும் பர்சன்ட்ட எட்டி எட்டிப் பாத்து சத்தமா சொல்லிக்கிட்டே வந்தான். பிரேக் சூடாகி நாத்தம் வர்ற வேலையே இல்ல, மோட்டாரே புடிச்சு எறக்குது.

ஹைப்ரிட் எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு என் மச்சான் வண்டியதான் சொல்லுவேன். அவரு மேடவாக்கத்துல அபார்ட்மெண்ட், மூணாவது மாடி, பார்க்கிங்ல ப்ளக் பாயிண்ட் போட அசோசியேஷன்ல ரெண்டு வருஷமா அனுமதி கெடைக்கல. அவரு எடுத்தது டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதுல இருக்கற பேட்டரி ஒரு யூனிட் கூட இல்ல, 0.76தான், என் வண்டில 24. அதுக்கு ப்ளக்கே கிடையாது, பிரேக் புடிக்கறப்ப வர்ற கரண்ட்டயும் இன்ஜின் கொடுக்கறதயும் சேத்து வச்சு, கொஞ்ச தூரம் மோட்டார்ல போகும், தேவப்பட்டா இன்ஜின் எந்திரிக்கும், திரும்ப தூங்கும். பள்ளிக்கரணை சிக்னல்ல முக்கால்வாசி நேரம் இன்ஜின் ஆஃப்லயே நகருது, நானே ஓட்டிப் பாத்தேன். வழக்கமா டவுன்ல மைலேஜ் கொறையும், இதுல டவுன்லதான் லாபமே. கம்பெனி கணக்கு 27.97, அவரு டேங்க் ரொப்பி ரொப்பி கணக்கு போட்டதுல 22, 23 வருது, முந்தின பெட்ரோல் வண்டில அதே ரூட்ல 13தான். 45 லிட்டர் டேங்க், சென்னை திருச்சி போய்ட்டு வந்தும் மிச்சம் இருக்கும், சார்ஜரத் தேடற வேலையே இல்ல.

ஆனா வெலை. அவருக்கு ஆன்ரோடு இருவது லட்சத்த தாண்டிடுச்சு. இவிக்கு 5 பர்சன்ட் வரி போடற எடத்துல இந்த சைஸ் ஹைப்ரிடுக்கு செஸ்ஸோட சேத்து 43 பர்சன்ட் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் 40. மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறாரு, மூவாயிரம் சொச்சம் மிச்சம். அதுல கூடக் கொடுத்த காச எடுக்க ரொம்ப நாளாகும்னு அவருக்கும் தெரியும், ஆனா அபார்ட்மெண்ட்ல இருந்துக்கிட்டு இவி வாங்கி ஒவ்வொரு தடவயும் வெளி சார்ஜர்ல நிக்கறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். அவரு நெலமைல நானும் அதத்தான் எடுத்திருப்பேன்.

இன்னும் ஒரு விஷயம். இவில பெரிய பேட்டரி தவிர சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்னும் தனியா இருக்கும், அனேகமா எல்லா கம்பெனிலயும். அது செத்துட்டா பெரிய பேட்டரில 80 பர்சன்ட் இருந்தாலும் வண்டி முழிக்காது. எங்க ஃபேப்ரிகேஷன் யூனிட்ல ஒருத்தரு வேற ஒரு இவி வச்சிருக்காரு, பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்தா கதவே தொறக்கல. சாவிலயே தொறக்கற வழி எங்க இருக்குன்னு வாங்கறப்பவே கேட்டுக்கங்க.

என் வண்டில இப்ப 41,800 ஓடியாச்சு, புதுசுல வந்த ரேஞ்சுக்கு ஒரு பத்து கிலோமீட்டர் கம்மியா வருது, அவ்ளோதான். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, வெயில தாங்கற ரகம். அப்பப்ப நல்லா எறக்கி, ஸ்லோ சார்ஜ்ல நூறு வரைக்கும் ஏத்திக்கிட்டா மீட்டர் காட்டற பர்சன்ட் சரியா இருக்கும். சர்வீஸ்ல ஆயில் இல்ல, ஃபில்டர்னா ஏசிக்கு உள்ளதுதான், செலவு பழைய வண்டில பாதி கூட வரல.

வீட்டு மேல 3 கிலோவாட் சோலார் போட அப்ளை பண்ணிட்டேன், பிஎம் சூர்யா கர்ங்கற மத்திய அரசு திட்டத்துல மானியம் 78,000. ஒரு நாளைக்கு பன்னெண்டு யூனிட் கணக்கு வச்சா ரெண்டு மாசத்துல 720, எங்க வீடு வண்டி ரெண்டுக்கும் சேத்து ஆகறது 650. பகல்ல வண்டி துவாக்குடில நிக்கும், சார்ஜ் போடறது ராத்திரிதான், ஆனா நெட் மீட்டர் வச்சா பகல்ல ஈபிக்கு கொடுத்தத ராத்திரி எடுத்த யூனிட்ல கழிச்சுடுவாங்க. மாடில அளந்துட்டுப் போயிருக்காங்க, தண்ணித் தொட்டி நிழல் விழற எடத்த மட்டும் மாத்தணுமாம். நெட் மீட்டர் வந்து ரெண்டு பில்லு பாத்துட்டு அந்தக் கணக்கயும் இதுல சேக்கறேன்.